கட்டடம் நம்முடையது, சம்பளம் யாருடையது?

(கோவையில் தொழில்துறையினர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக்கும் கலைக்கும் அரசு செலவழிப்பதைத் தொழில் நிறுவனங்கள் ஆதரிக்க வேண்டுமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைத்தவர் போனிலேயே விடையையும் சொல்லிவிட்டார். "நம்ம ஊர்ல நாமதானுங்க ஆடிட்டர், காலேஜெல்லாம் கட்டினோம், அதைப் பத்தி நல்லா பேசிடுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் பேசியது கொடையைப் பற்றி. தலைப்பு கேட்பது வரியைப் பற்றி. கொடை கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும், வரி கட்டினால் ரசீது வரும். இந்த இரண்டில் ரசீதுக்காகப் பேச வந்திருக்கிறேன். கணக்குப் பார்த்துப் பிழைத்தவனை மேடை ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

முதலில் இந்த ஊர்க் கணக்கையே எடுப்போம். ஸ்டேன்ஸ் மில் வந்தது 1888இல். அதற்குப் பிறகு நாற்பது வருடம் இங்கே மில்கள் மெதுவாகத்தான் வந்தன. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கியது. அதற்குப் பின்னால்தான் அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. மில்லுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் வந்தன. தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் இங்கேயே மோட்டார் செய்து காட்டினார்கள். கோவைக்காரனின் உழைப்பு, கோவைக்காரனின் மூளை என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். சரிதான். ஆனால் பைக்காராவில் குழாய் இறக்கியவர் எந்த முதலாளியும் இல்லை. சென்னை மாகாண அரசு பொதுப்பணத்தில் செய்த வேலை அது. நம் மூதாதையரின் முதல் லாப நட்டக் கணக்கில் அந்தச் செலவுக்கு ஒரு வரி கிடையாது.

கல்விக்கு வருகிறேன். பூளைமேட்டு பி.எஸ்.ஜி. குடும்பத்தின் கதை உங்களில் பலருக்கு மனப்பாடம். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகளும் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஆளுக்கொன்று போக ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. 1926இல் அறக்கட்டளை, 1951இல் பொறியியல் கல்லூரி. பங்காளிகள் வரப்புக்கே அடித்துக்கொள்ளும் தேசத்தில், இல்லாத ஐந்தாவது பங்காளி ஒருவனை உண்டாக்கிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய மனசை நான் எந்தப் பத்திரத்திலும் படித்ததில்லை.

இனி அதே கல்லூரியின் இன்னொரு பக்கம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் கோவை தொழில்நுட்பக் கழகமான சி.ஐ.டி.யும் அப்படியே. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியையும் சேர்த்தால் தமிழ்நாட்டில் உதவி பெறும் பொறியியல் கல்லூரிகள் மூன்று. மூன்றுமே ஆலை முதலாளிகள் ஆரம்பித்தவை. உதவி பெறும் என்றால் என்ன? அந்தப் பிரிவுகளில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. கட்டடம் கட்டியவர் ஒரு தடவை கொடுத்தார். அரசு மாதாமாதம், தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஏற்பாடு இருந்ததால்தான் கைத்தறி நெசவாளி மகனும் குத்தகைக்காரன் மகனும் கட்டக்கூடிய கட்டணத்தில் அங்கே எஞ்சினியராக முடிந்தது. அந்த எஞ்சினியர்களை வைத்துத்தான் நீங்கள் மெஷின் வடிவமைத்தீர்கள்.

மூலதனச் செலவு, நடைமுறைச் செலவு என்று ஆடிட்டர்கள் நாங்கள் இரண்டாகப் பிரித்து எழுதுவோம். கொடையாளிக்கு மூலதனச் செலவுதான் பிடிக்கும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். கணித ஆசிரியரின் நவம்பர் மாதச் சம்பளத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. கல்வி என்பதோ ஏறக்குறைய முழுக்க அந்த நவம்பர் மாதச் சம்பளம்தான்.

அழகப்பச் செட்டியாருக்கு இது தெரிந்திருந்தது. சுதந்திரம் வந்த சமயத்தில் மத்திய அரசு நாடு முழுக்க ஆய்வுக்கூடங்கள் அமைக்கத் திட்டமிட்டபோது, காரைக்குடிக்கு ஒன்று வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. செட்டியார் 1957இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமானார். ஆய்வகம் இன்றும் நடக்கிறது. அவர் நினைத்திருந்தால் அந்தப் பணத்தில் தன் பெயரில் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, தன் காலம் வரைக்கும் நடத்தியிருக்கலாம். அவர் செய்தது வேறு: தன் பணத்தைக் காட்டி அரசின் பணத்தை வறண்ட சீமைக்கு இழுத்தார். அவரைப் பெரிய வள்ளல் என்று எல்லாரும் சொல்கிறோம். அரசின் பையிலிருந்து ஒரு வட்டாரத்துக்காகப் பணத்தை வாங்கத் தெரிந்த சாமர்த்தியசாலி அவர் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஜாம்ஷெட்ஜி டாடாவின் வழியும் அதுவே. பெங்களூர் அறிவியல் கழகத்துக்காகத் தன் சொத்தில் பெரும்பங்கை எழுதிவைத்தவர், அது மட்டும் போதும் என்று நினைக்கவில்லை. அரசாங்கமும் சேர்ந்து பணம் போட வேண்டும் என்று விடாமல் கேட்டார். வைஸ்ராய் கர்சன் பிரபு பிடிகொடுக்கவில்லை. 1904இல் டாடா போய்ச் சேர்ந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் கொடுத்து, இந்திய அரசும் ஆண்டு மானியத்துக்கு இணங்கி, 1909இல்தான் கழகம் உருவானது.

இதெல்லாம் தனி மனிதர்களின் கதை. முதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து "அரசே, கல்விக்குச் செலவு செய்" என்று எழுதிக் கொடுத்த ஆவணமும் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எந்த மேலாண்மைப் பள்ளியிலும் அதைச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1944 ஜனவரியில் வெளிவந்த பம்பாய்த் திட்டம். கையெழுத்துப் போட்டவர்கள் எட்டுப் பேர்: ஜே.ஆர்.டி.டாடா, ஜி.டி.பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், லாலா ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய், அர்தேஷிர் தலால், ஏ.டி.ஷ்ராஃப், ஜான் மத்தாய். இவர்களில் ஒருவர்கூட சோஷலிஸ்டு இல்லை. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை, உலகப்போர் முடியவில்லை. 15 ஆண்டில் 10,000 கோடி ரூபாய்ச் செலவில் இந்தியாவை எப்படி மேலே கொண்டுவருவது என்று கணக்குப் போட்டார்கள்.

எந்தத் திட்டத்தையும் முன்னுரையைத் தள்ளிவிட்டு அட்டவணையிலிருந்து படிப்பது எங்கள் தொழில் வழக்கம். தொழிலுக்கு 4,480 கோடி, வேளாண்மைக்கு 1,240 கோடி, வீட்டு வசதிக்கு 2,200 கோடி, போக்குவரத்துக்கும் தகவல் தொடர்புக்கும் 940 கோடி, சுகாதாரத்துக்கு 450 கோடி, கல்விக்கு 490 கோடி, இதர வகைக்கு 200 கோடி. எட்டு முதலாளிகள் சேர்ந்து போட்ட பட்டியலில் கல்வி எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் தேசத்துக்கான தருமமாக ஓரத்தில் நிற்கவில்லை. அணைக்கும் ரயிலுக்கும் உரிய அதே அட்டவணையில், அதே நிரலில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி மட்டும் போதாது, பெரியவர்களுக்கும் எழுத்தறிவு வேண்டும் என்றார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவன் விளம்பரத்தைப் படிக்கமாட்டான், மெஷின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் படிக்கமாட்டான், சாமானும் வாங்கமாட்டான். தொழில் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

அவர்களுக்கு உள்நோக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சரக்கிலிருந்து பாதுகாப்பு வேண்டும், பெரிய மூலதனத்தை அரசு போட வேண்டும், லாபத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்தத் திட்டத்தில் வரிக்கு வரி தெரியும். கையெழுத்திட்ட ஜான் மத்தாயே பிறகு நிதியமைச்சராகி, திட்டக் குழுவுக்கு இவ்வளவு அதிகாரம் கூடாது என்று 1950இல் பதவியை விட்டார். மனிதர்கள் அப்படித்தான். ஆனால் சுயநலத்தோடு போட்ட கணக்கிலேயே கல்விக்கு அரசு செலவு தேவை என்று வருகிறது என்றால், அது தருமம் பேசி வருகிற முடிவைவிட உறுதியானது. என்னைப் போன்றவனுக்கு அந்த வகைச் சான்றுதான் வேண்டும்.

இனி நம் காலம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியும். 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ இருந்தால், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் சொல்கிற அந்தப் பணம் நாடு முழுக்க, எல்லாக் கம்பெனிகளும், எல்லாக் காரியங்களுக்கும் சேர்த்து 2022-23இல் ஏறத்தாழ 30,000 கோடி. அதில் கல்விக்குப் போனது சுமார் மூன்றில் ஒரு பங்கு. நல்ல தொகைதான். இப்போது பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கிறேன். தமிழ்நாடு அரசு 2024-25 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு மட்டும் ஒதுக்கியது 44,042 கோடி. ஒரே மாநிலம், ஒரே துறை. இந்தியக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பள்ளி, மருத்துவம், மரம், குளம் என்று செய்யும் அத்தனையையும் கூட்டினாலும் இந்த ஒரு துறையின் ஒரு வருடத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. "அரசு செய்யாததை நாங்கள் செய்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும்.

தொகையைவிடப் பெரிய சங்கடம், பணம் போகும் இடம். சி.எஸ்.ஆர். பணத்தைக் கம்பெனி இருக்கும் வட்டாரத்தில் முதலில் செலவிடச் சட்டமே சொல்கிறது. ஆகவே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு மேல் ஸ்மார்ட் போர்டு வரும். ஜவ்வாது மலைப் பள்ளிக்கு யார் வருவார்கள்? அங்கே தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லாத இடத்துக்குப் போவதற்குத்தான் அரசு என்று ஒன்று இருக்கிறது.

நம் நடத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் கல்விக்கென்று கூடுதல் வரி வந்தது, முதலில் 2 சதவீதம். பிறகு ஒன்று கூடியது. இப்போது சுகாதாரமும் சேர்ந்து 4 சதவீதம். இந்தக் கல்வி வரியைத் தொழில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று கம்பெனிகள் நீதிமன்றம் போய் வாதாடின. சில உயர் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. 2022 நிதிச் சட்டம் முன்தேதியிட்டு அந்தக் கதவை அடைத்தது. என் தொழில்காரர்கள்தான் அந்த வாதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், மறைக்கவில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30இலிருந்து 22 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அரசுக்கு வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வரவு குறையும் என்று அரசே சொன்னது. அன்று சாயங்காலம் நாம் இனிப்பு வழங்கினோம். குறையும் அந்தப் பணம் எந்தத் துறையின் வாயிலிருந்து எடுக்கப்படும் என்று யாரும் கேட்கவில்லை. 1966இல் கோத்தாரிக் குழு தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. இன்றுவரை நாடு அதை எட்டவில்லை.

உங்கள் முகத்தில் ஓடுகிற பதில் எனக்குத் தெரிகிறது. "கட்டுற வரி சரியா செலவானா பரவாயில்லீங்க. பாலிடெக்னிக் முடிச்சு வர்ற பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியலயே." இந்தப் புகார் நியாயமானது. அரசுப் பணம் வீணாவதை என்னைவிட அருகில் பார்த்தவர்கள் இங்கே குறைவு. கையெழுத்துக்குப் பின்னால் ஓடும் பில், அட்டைப் பெட்டியோடு மூலையில் கிடக்கும் கணினி, எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் காரணத்தைத் தேடினால் அதே நவம்பர் மாதச் சம்பளத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். அரசுக் கலைக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 2024-25இல் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பாடம் எடுத்தார்கள். முதுகலைக்கு மேல் நெட் தேர்வோ முனைவர் பட்டமோ முடித்தவர்கள் பலர். உங்கள் கணக்குப்பிள்ளைக்கு இந்தச் சம்பளம் கொடுத்தால் எத்தனை மாதம் நிற்பார்? தரம் கெட்டுவிட்டது, ஆகவே பணத்தைக் குறை என்பது, ஆயில் குறைந்ததால் எஞ்சின் சூடாகிறது, ஆகவே ஆயில் ஊற்றாதே என்பதைப் போன்றது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடியில் நவீனமாக்கியது நல்ல முயற்சி. ரோபோவும் சி.என்.சி.யும் வந்துவிட்டன. அவற்றைச் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்குப் பத்து வருடம் கழித்து யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இந்த அவையில் கல்லூரி நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். 1984க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி மெலிந்தால் உங்கள் சேர்க்கை கூடும் என்று ஒரு நினைப்பு உண்டு. உங்கள் பேரேட்டையே ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அரசு கட்டும் கட்டணம் என்று வரவுப் பக்கத்தில் அரசுப் பணம் வரிசையாக நிற்கும். தாமதமாக வருகிறது என்று என்னிடமே புலம்பியிருக்கிறீர்கள். 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47, நாட்டுச் சராசரி 28.4. இந்த இடைவெளி இருப்பதால்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் தொழிற்சாலை வைக்க இந்த மாநிலத்தைத் தேடி வருகின்றன. மதியச் சாப்பாட்டிலிருந்து பஸ் பாஸ் வரை அந்த 47க்குள் இருக்கிறது. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இங்கே வேலை செய்கிறார்கள். அந்தப் பெண்களைப் பத்தாவது வரைக்கும் பன்னிரண்டாவது வரைக்கும் கொண்டுவந்து விட்டது ஊர்ப் பள்ளிக்கூடம்.

கலைக்கு வருகிறேன். இங்கேதான் நம்மாட்கள் நெளிவார்கள். படிப்புக்காவது கணக்குக் காட்டலாம், பாட்டுக்கும் படத்துக்கும் அரசு ஏன் செலவழிக்க வேண்டும், மில் தொழிலாளி கட்டும் வரியில் யாரோ வீணை கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு ஒரு வியாபாரப் படத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1987இல் வந்த 'நாயகன்'. தனியார் பணத்தில், லாபத்துக்காக எடுத்த படம். அதற்கு மூன்று தேசிய விருதுகள். சிறந்த நடிகர் கமல்ஹாசன், சிறந்த ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம், சிறந்த கலை இயக்குநர் தோட்டா தரணி. சென்னை ஸ்டூடியோவுக்குள் தாராவியைக் கட்டியவர் தரணி; அந்த மங்கிய வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர் ஸ்ரீராம். ஸ்ரீராம் படித்தது அரசுத் திரைப்படக் கல்லூரியில். 1940களில் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக ஆரம்பித்து அடையாற்றுப் பக்கம் வளர்ந்த நிறுவனம் அது. தரணி படித்தது எழும்பூரில் உள்ள அரசுக் கவின்கலைக் கல்லூரியில். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்து, பிறகு அரசு ஏற்று நடத்திவரும் பள்ளி. படத்துக்குப் பணம் போட்ட தயாரிப்பாளர் இவர்கள் படிப்புக்கு ஒரு பைசா செலவழிக்கவில்லை. செலவழிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. திறமை தயாராகி வந்து வாசலில் நின்றது. அதற்குப் பின் தமிழ் சினிமாவில் வெளிச்சமும் செட்டும் மாறிய விதத்தில் கோடிகள் புரண்டிருக்கின்றன. பைக்காராவில் நடந்ததே இங்கேயும் நடந்தது.

மாமல்லபுரத்தையும் பாருங்கள். 1957இல் அரசு அங்கே சிற்பக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த கணபதி ஸ்தபதிதான் பின்னால் குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை நிறுத்தினார். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் தனியார் தொழில். கடல் தாண்டியும் சிலை போகிறது.

சென்னை மார்கழி சீசனுக்கு அரசுப் பணம் வேண்டாம் என்பேன். சபாக்களின் மேடைக்குப் பின்னால் தொங்கும் பதாகைகளைப் பார்த்தாலே தெரியும், வங்கியும் நகைக்கடையும் போட்டி போட்டுக் கொடுக்கின்றன. அவை யாருக்குக் கொடுக்கும்? ஏற்கெனவே பெயர் வாங்கியவருக்கு. அதில் தப்பில்லை, விளம்பரம் என்றால் அப்படித்தான். ஆனால் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவில் கற்கும் பதினாலு வயதுப் பையனுக்கு எந்த நகைக்கடை பதாகை கட்டும்? அவன் வளர்ந்து வந்த பிறகு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்கள். நம் மலுமிச்சம்பட்டியில் ஓர் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இந்த அரங்கில் அதன் வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

நூலகமும் இதில் சேர்த்திதான். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னால் நின்ற மூளை சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனுடையது. சட்டத்தைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார். திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தைத் தொடங்கியவர். தன் கையால் பள்ளி கட்டியவருக்கு, ஊர் ஊருக்கு நூலகம் தன் கைக்கு அடங்காது என்று தெரிந்திருந்தது. ஆகவே வரி போட்டார். உங்கள் சொத்துவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பலர் கவனித்திருக்கமாட்டீர்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் மூச்சு விடுவது அந்தப் பணத்தில் நூலகங்கள் வாங்கும் புத்தகங்களால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசு கலைக்குக் கொடுக்கும் பணமும் பட்டமும் வேண்டியவருக்கு வேண்டியபடி போவதை நாம் எல்லாரும் பார்க்கிறோம். விருதுப் பட்டியல் வெளியாகிற அன்று ஊரே சிரிக்கிறது. 2006இல் தமிழில் பெயர் வைத்தால் போதும், கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். படத்துக்குள் என்ன இருந்தாலும் சரி, பெயர் தமிழ். அந்தச் சலுகை யாருடைய பெட்டிக்குப் போனது என்று ரசிகனுக்குத் தெரியும், டிக்கெட் விலை குறைந்ததாக எனக்கு நினைவில்லை. அரசுப் பணம் தங்களுக்கு நேராக வரும்போது தொழில்துறையினர் ஒருவரும் "கலைக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்" என்று கேட்டதில்லை. இதற்கெல்லாம் என் மருந்து கணக்குத் தணிக்கைதான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வெளியிடு என்று கேளுங்கள். பணத்தை நிறுத்து என்று சொல்லாதீர்கள்.

ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆதரிக்கிறோம், ஆகவே பாடத்திட்டம் எங்கள் தொழிற்சாலைக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று கேட்கக் கூடாது. நாளைக்கு என்ன மெஷின் வரும் என்று உங்களுக்கே தெரியாது. கார்பரேட்டரில் கரைகண்டவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வரலாறும் தமிழும் படிக்கும் பிள்ளைக்கும் அதே பணம் போகட்டும். அந்தப் பிள்ளை உங்களைத் திட்டிக் கதை எழுதினாலும் போகட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்கு முன்னால் உங்கள் சங்கங்கள் கோரிக்கை மனு அனுப்புகின்றன. பஞ்சு விலை, மின் கட்டணம், ஜி.எஸ்.டி., ஏற்றுமதிச் சலுகை என்று எல்லாம் இருக்கும். சிலவற்றைத் தயாரித்ததில் எனக்கும் பங்கு உண்டு. அரசுக் கல்லூரியின் காலிப் பணியிடத்தை நிரப்பு என்று ஒரு பத்தி எதிலும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25இல் மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி நின்றுபோனபோது, கட்சிகள் தங்களுக்குள் சண்டை போட்டன. அந்தப் பள்ளிகளிலிருந்து ஆள் எடுக்கும் தொழில் சங்கங்களின் குரல் என் காதுக்கு எட்டவில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று வருடம் முழுக்கச் சொல்கிறவர்கள் நாம்.

இந்த வருட மனுவுக்கு நான் ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகளில் காலியிடங்களை நிரந்தரச் சம்பளத்தில் நிரப்புங்கள். மாவட்ட இசைப்பள்ளிகளில் வாத்தியத்துக்கு ஓர் ஆசிரியராவது விட்டுப்போகாமல் இருக்கட்டும். நூலக வரியை வசூலிக்கும் உள்ளாட்சிகள் அதை நூலகத்துக்கே ஒப்படைக்கட்டும். இதனால் கூடும் செலவில் எங்கள் பங்கை வரியாகத் தர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தில்தான் உங்களுக்குள் தகராறு வரும் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமே என்று செயலாளர் இப்போதே என் காதில் சொல்லிவிட்டார். அதை எடுத்தால் மற்ற மூன்றும் வழக்கமான கோரிக்கை ஆகிவிடும், அமைச்சர் பத்தோடு பதினொன்றாகப் புரட்டிவிடுவார். தாளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மனு அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது, செயற்குழுவில் வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.